எட்டாம் ஆண்டுக் கலைப்பு

ரிவேராவின் செம்மண் மேட்டில்
எட்டு வயதுத் தைலமரங்கள்,
ஹெக்டேருக்கு ஐந்நூறு.
பாதி போதும் என்கிறது
என் மடிக்கணினி.

மார்புயரத்தில் அளக்க வேண்டும்:
தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது.
யாருடைய மார்பு என்று
எந்தக் கையேடும் சொல்லவில்லை.
எனக்கு அது தோள்.
தோளுயரத்தில் கைகளைச் சுற்றி
நாடாவின் மறுமுனையைத் தேடிப் பிடித்து
மரத்துக்கு மரம் ஒரு எண் வாங்குகிறேன்.
இருபத்திரண்டு புள்ளி நான்கு.
பத்தொன்பது.
பட்டை உரிந்து தொங்கும் பதினொன்று.
இது வெட்டாமலே சாகும்.
சமன்பாட்டில் அதற்கும் ஓர் உறுப்பு உண்டு.

இரண்டு பேருக்குச் சொந்தமான காடு.
அபாரிசியோவுக்கு லாரிக் கடன், பன்னிரண்டு வட்டி.
பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் நூறு பேசோ
இன்று அவன் கையில் இருபத்தாறு.
அக்கா ஒஃபெலியாவுக்குக் கடன் இல்லை,
வங்கி தரும் நான்கு சதவீதமும்
தலைமாட்டில் ஒரு வானொலியும்.
அதே நூறு
அவளுக்கு அறுபத்திரண்டு.

"முழுசாக வெட்டு, கூழுக்குப் போகட்டும்" என்கிறான் இவன்.
"கலைத்துவிட்டுக் காத்திரு, பலகையாகட்டும்" என்கிறாள் அவள்.
மரம் ஒன்றுதான்.
அது எவ்வளவு தடித்தது என்பது
யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஏழு சதவீதம் என்று பேசி முடித்தோம்,
மேசையில் மாத்தே ஆறிக் கிடக்க.
ஓட்டிப் பார்த்தேன். தராசு முள்
நடுவில் நின்று நடுங்கியது.

நடுக்கத்துக்குக் காரணம் பதினான்காம் துண்டு.
கோடு முதலில் தவழ்கிறது, பாய்கிறது,
பிறகு மூச்சு வாங்குகிறது.
எல்லாத் துண்டுகளும் அதன் பின்னால்
பள்ளிக்கூட வரிசைபோல் போகின்றன.
பதினான்கு மட்டும்
மேலே, தனியாக, ஒரு புள்ளி.

நாடாவைச் சந்தேகித்தேன்.
மறுபடி போய் அளந்தேன்.
பிறகு என்னைச் சந்தேகித்து
வால்மிரை அளக்கச் சொன்னேன்.
இருபத்தொன்பது. முப்பது புள்ளி ஒன்று.

அவன் ரம்பத்தைக் கீழே வைத்து
பூட்ஸ் முனையால் சருகைக் கிளறினான்.
துருப்பிடித்த கம்பி. ஒரு படல் கொக்கி.
"பட்டி இருந்த இடம்" என்றான்.
"ஆயிரம் ஆடு அடைந்த இடம்."

ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்
என்பது சொலவடை.
இங்கே ஆட்டெரு
நாற்பதாம் வருடம் வந்து
கதவைத் தட்டுகிறது,
வட்டி கேட்காமல்.

விலகல் என்று அந்தப் புள்ளியை நீக்கினால்
அபாரிசியோ ஜெயிப்பான்.
வைத்துக்கொண்டால் ஒஃபெலியா.
ஒரு விசையழுத்தம். இரண்டும் நேர்மைதான்
என்று எழுத எனக்குப் பட்டம் இருக்கிறது.

நான் நீக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ஆடுகள்.

அடுத்த வாரம் ஆரஞ்சு வண்ண டப்பாவோடு நடந்தேன்.
கோணல், கவட்டை, மெலிந்தது
என்று பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன்.
பின்னால் வால்மிரின் ரம்பம்.
மரத்துக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி;
தள்ளுபடி வீதம் அவனிடம் யாரும் கேட்கவில்லை.
சனிக்கிழமை சம்பளம்
சனிக்கிழமையே தீரும்.

கூட்டத்தைக் கலைக்கிறார்கள், கருவைக் கலைக்கிறார்கள்,
சீட்டைக் கலைக்கிறார்கள்.
எந்தக் கலைத்தல் இது என்று
விழும் மரத்தைப் பார்த்து நின்றேன்.
மேலே, இலைக்கூரையில் திறந்த ஓட்டை வழியாக
வெயில் முதல்முறையாகத் தரையில் விழுந்தது.
அதை விற்க முடியாது.
ஆனால் மொத்தக் கணக்கும் அதுதான்.

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
வெட்டிய அடிக்கட்டைகளில் எல்லாம்
நீலச் சாம்பல் நிறத்தில் துளிர்.
கட்டைக்கு ஐந்து, ஆறு, எட்டு.
இரண்டாம் பக்கத்தில் வரி சேர்த்தேன்,
செலவு: களைக்கொல்லி.

பதினான்காம் துண்டில் துளிர்
என் தோள்வரை வந்திருந்தது.
நாடா பையிலேயே இருந்தது.